கறுக்காத நாற்பத்தெட்டு

நாற்பத்தெட்டு பாட்டில்கள். ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். பிரபாவுக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று நொச்சித்தாங்கலில் கேட்டால், கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். பஸ் நிற்காமல் போனால் கோபம். நின்றால், இவ்வளவு நேரம் கழித்தா வருவது என்று கோபம். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர்கள் உண்டு. பிரபாவுக்கு அது மூக்குத்தி மாதிரி, கழற்றியே வைப்பதில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

முதலில் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். உள்ளே மருந்து தடவிய ஒரு துண்டுக் காகிதம். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, இறுக மூடி, ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தால், கிருமி இருக்கிற தண்ணீர் மை கரைத்ததுபோல் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். ஊரில் இந்தச் சோதனைக்கு ஐந்து பெண்கள் பயிற்சி எடுத்தார்கள். நாலு பேர் பயிற்சியில் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி. பிரபா மட்டும் வேலை செய்தாள்.

பிரபா இருக்கிற பள்ளத்தெரு ஏரிக் கலங்கலுக்குக் கீழே இருக்கிறது. அறுபது வீடு. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும், தெரு தனியாக நிற்கும். போன வருஷப் புயலில் நாலு நாள் அப்படித்தான் கிடந்தது. கரண்ட் இல்லை, அதனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கேன் வண்டி வரவில்லை. தெருக்கோடிக் கிணற்றில் கலங்கல் தண்ணீர் புகுந்திருந்தது. அதைத்தான் எல்லோரும் மொண்டு குடித்தார்கள். வெள்ளம் வடிந்ததும் பத்தொன்பது பேரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதில் பிரபாவின் மகள் கீர்த்தியும் ஒருத்தி. ஐந்து வயது. நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் ஊசி குத்தினார்கள். குழந்தை வாயைத் திறந்து அழுதது, கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. உடம்பில் இருந்தால்தானே வரும். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வானம் இருட்டினாலே பிரபா தண்ணீரைக் காய்ச்சி வைத்துவிடுவாள்.

இந்த வருஷம் புரட்டாசியில் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் வந்தது. கரண்ட் வேண்டாத ஃபில்டர் தருகிறோம் என்றார்கள். மேலே ஊற்றினால் தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்கிக் கீழே வடியும். மூன்று வகை கொண்டுவந்தார்கள். ஸ்டீல் டிரம்முக்குள் மெழுகுவத்தி மாதிரி வெள்ளைக் கல் இரண்டு நிற்கிறது ஒன்று. வெள்ளை டப்பாவுக்குள் சேமியாக் கட்டு மாதிரி மெல்லிய குழாய்களை அடைத்தது ஒன்று. நீல பிளாஸ்டிக்கில் கரித்தூள் உருளை வைத்தது ஒன்று. வகைக்கு நாலாகப் பன்னிரண்டு வீட்டில் வைப்பது, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வடிப்பது, வாரம் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுப்பது, நாலு வாரம் பார்ப்பது என்று ஏற்பாடு. எது தேறுகிறதோ அதில் அறுபது வரும். மழைக்கு முன்னால், வீட்டுக்கு ஒன்று.

"மூணுமே பாஸாயிடுச்சா? சூப்பர்க்கா!" என்றான் போனில் ஸ்ரீகாந்த். டிரஸ்ட்டின் ஆள், இருபத்தெட்டு வயது இருக்கும். "அப்போ நீலத்தையே போட்டுடலாம். அதான் வேகமா வடியுது, ரேட்டும் கம்மி. நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை லோடு வந்துடும்."

"சார், அது கலங்கல் கெணத்துத் தண்ணி. நாலு வாரம், பன்னெண்டு வூடு, ஒண்ணுகூட கறுக்கலன்னா எனுக்கு நம்பிக்க இல்ல."

"நல்லது நடந்தா நம்ப மாட்டீங்களாக்கா?"

"எங்க தெருவுல நடந்தா நம்ப மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முடிச்சு அவிழ்ந்தது அவள் வீட்டிலேயேதான். புருஷன் தினேஷ்குமார் மினி டெம்போவில் கேன் தண்ணீர் போடுகிறவன். மத்தியானச் சோற்றுக்கு வந்தவன், கை கழுவிக்கொண்டே தானாகச் சொன்னான்.

"ஃபில்டரு வந்தா நம்ம பொழப்புல மண்ணுன்னு நெனச்சேன் மே. ஆனா பாரு, ஃபில்டரு வச்ச வூட்டுக்காரங்கதான் இப்ப ரெண்டு பங்கு கேனு கேக்கறாங்க. கோவிந்தம்மா வூட்டுக்கு மட்டும் வாரத்துக்கு நாலு போவுது."

சோறு போட வந்த கை அந்தரத்தில் நின்றது.

"யோவ். இத ஒரு மாசமா சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நீ கேக்கவே இல்லியே மே" என்றான் அவன், தட்டை இழுத்துத் தானே போட்டுக்கொண்டு. அதற்குள் பிரபா தெருவில் இறங்கியிருந்தாள்.

கோவிந்தம்மாள் மூன்று ஏக்கர் நெல் வைப்பவள். ஐம்பத்தைந்து வயது, தெருவில் அவள் வார்த்தைக்கு எடை உண்டு. அவள் வீட்டுக்குக் கொடுத்தது நீல ஃபில்டர். அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் மரப்பலகையில் வீற்றிருந்தது. நாலு பக்கமும் மஞ்சள், நடுவில் குங்குமம், குழாயில் ஒரு முழம் கதம்பம். பக்கத்தில் காலிக் கேன் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"அத்த, இதுல எந்தத் தண்ணி ஊத்தற?"

"இது இன்னாடி கேள்வி? கேனு தண்ணிதான்."

"நான் கெணத்துத் தண்ணிய ஊத்துன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. அதுக்கு? புது சாமானுல போயி அந்தச் சேத்துத் தண்ணிய எவளாவது ஊத்துவாளா?"

பிரபாவுக்குத் தலைக்கு ஏறியது. "டெஸ்ட்டு ஃபில்டருக்கு அத்த! உன் தண்ணிக்கு இல்ல! வெளுத்த துணிய மறுபடியும் தோச்சுட்டு, சோப்பு நல்லா கீதுன்னு சொல்லுவியா நீ?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடியது. அடுத்த வீட்டுப் பவளம், "நான் கேனெல்லாம் வாங்கலப்பா. கெணத்துத் தண்ணியதான் நல்லா காய்ச்சி ஆறவச்சி ஊத்தனேன்" என்றாள், பாராட்டை எதிர்பார்த்து. எதிர்வீட்டு இளவரசி சேலை முந்தியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கிடைத்தது ஸ்டீல் டிரம். மகள் கல்யாணச் சீருக்கு ஆகும் என்று பெட்டியைப் பிரிக்கவே இல்லை; நாலு வாரமும் கேனிலிருந்து நேராகப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பன்னிரண்டு வீட்டையும் விசாரித்தாகிவிட்டது. ஒரு வீட்டில்கூட, ஒரு நாள்கூட, கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றவில்லை.

ஒரு மாதம் கேன் கம்பெனியின் தண்ணீரையும் பவளத்தின் அடுப்பையும் பரீட்சை பண்ணி நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறாள் பிரபா. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிவு கெட்ட ஜென்மங்கள் என்றாள். உங்கள் பிள்ளைகள் வயிற்றில் நீங்களே மண்ணைப் போடுகிறீர்கள் என்றாள். போன வருஷம் பத்தொன்பது பேர் போதவில்லையா என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள், எழுதுகிற மாதிரி இல்லை.

கோவிந்தம்மாள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

"கத்தி முடிச்சிட்டியா? இப்ப நான் கேக்கறேன், பதில் சொல்லு. இந்த வருஷம் ஆடியில வூட்டுக்கு வூடு தண்ணி டெஸ்ட்டு பண்றேன்னு வந்து, பாட்டிலு கறுத்துப்போன வூட்டுப் பேரயெல்லாம் ரேஷன் கட செவுத்துல சாக்பீஸால எழுதினவ யாரு?"

"நான்தான்" என்றாள் பிரபா.

"மொத பேரு என் பேரு. மறுவாரம் என் பொண்ணு மோகனாவப் பாக்க பழையசீவரத்துலேர்ந்து வந்தாங்க. ரேஷன் கடையாண்டதான் வண்டிய நிறுத்தினாங்க, படிச்சிட்டாங்க. வந்து உக்காந்தவங்களுக்கு என் பொண்ணு சொம்புல தண்ணி கொண்டாந்து வச்சா. ஒருத்தன் தொடல. அந்தச் சொம்பு அப்படியே இருந்துது. எழுந்து போயிட்டாங்க. மறுபடி ஆளு அனுப்பல." கவிழ்ந்து கிடந்த கேனைக் காலால் ஒதுக்கினாள். "இனிமே என் வூட்டு பாட்டிலு கறுக்காதுடி. கறுக்க விடமாட்டேன். கேனு தண்ணி இல்ல, தேவைன்னா கங்கா தண்ணி வாங்கியாந்து ஊத்துவேன்."

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அதே பயம்தான் என்று அப்போதுதான் பிரபாவுக்கு விளங்கியது. கோபத்தில்தான் அன்றைக்குச் சுவரில் எழுதினாள். பயம் வந்தால் காய்ச்சிக் குடிப்பார்கள் என்று. பயம் வந்தது. கிருமியைப் பார்த்து இல்லை, பிரபாவைப் பார்த்து. இப்போது அந்தப் பயம் ஒரு தெருவையே கவிழ்க்கப் பார்க்கிறது. யாரைத் திட்டுவது? கண்ணாடியைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும்.

"நான் எழுதினது தப்புதான் அத்த!" என்று கத்தினாள். மன்னிப்பைக்கூட அவளுக்குச் சண்டைக் குரலில்தான் கேட்க வந்தது. "மோகனாகிட்டயும் சொல்றேன். வெள்ளிக்கெழமைக்குள்ள எனுக்கு மூணு ஃபில்டரு வோணும், ஒரு தினுசுக்கு ஒண்ணு. என் வூட்டுல, என் பேருல பண்றேன். கறுத்தா எனுக்குக் கறுக்கட்டும்."

கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கதம்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நீல ஃபில்டரைத் தானே தூக்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை முதல் மழை அடித்துவிட்டுப் போனது. கிணறு டீத் தண்ணீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. பிரபா குடம் குடமாக மொண்டுவந்து மூன்றிலும் ஊற்றினாள். கீர்த்தி தெரியாமல் பிடித்துக் குடித்துவிடக் கூடாது என்று, ஃபில்டர்களைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். வடிக்காத கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில். எது எவ்வளவு நேரத்தில் எத்தனை சொம்பு வடிகிறது என்று நோட்டில் குறித்தாள்.

ஸ்டீல் டிரம் அழுத்தக்காரி. காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குத்தான் ஒரு குடம் தருவாள். சேறு பிடித்துக் கல் அடைத்துக்கொள்ளும், கழுவ வேண்டும். மேலே வேட்டித் துணி கட்டி வடிகட்டி ஊற்றினால் தேவலை. வெள்ளை டப்பா கொஞ்சம் வேகம். ஆனால் தினமும் கூடக் கொடுத்த பீச்சாங்குழலால் தண்ணீரைத் திருப்பி அடித்துக் கழுவாவிட்டால் அதுவும் முக்கும். நீலம்தான் ராஜா. ஊற்றி முடிப்பதற்குள் வடித்துவிட்டது. தண்ணீரில் வாடை இல்லை, நிறம் இல்லை, பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பாட்டில்களை எடுத்துப் பார்த்தாள். ஸ்டீல் மூன்றும் தெளிவு. வெள்ளை மூன்றும் தெளிவு. வடிக்காத கிணற்றுத் தண்ணீர் கறுப்பு. நீலம் மூன்றும் அதே கறுப்பு. வித்தியாசமே இல்லை. கரித்தூள் வாடையையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு, கிருமியை மட்டும் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நின்றது. உள்ளே அறுபது நீலப் பெட்டி. ஸ்ரீகாந்த் ரிப்போர்ட்டோடு இறங்கினான். தெருவே திரண்டு வந்திருந்தது, சிலர் பெட்டி தூக்கச் சும்மாடு கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

பிரபா பாட்டில்களைக் காட்டினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள், தான் சுவரில் எழுதியதிலிருந்து ஆரம்பித்து. அவன் கறுத்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முகம் சுண்டியது.

"அக்கா, ஆர்டர் போன வாரமே போயிடுச்சு."

"டெஸ்ட்டு முடியறதுக்கு முன்னாலயா?"

"டெஸ்ட் வந்து... ஃபார்மாலிட்டிதான்க்கா. கம்பெனி சர்ட்டிபிகேட் இருக்கு."

"அப்ப ஒரு மாசமா எங்கள இன்னாத்துக்கு பாட்டிலு தூக்க வச்சீங்க?"

அவன் ரிப்போர்ட்டைப் புரட்டினான். கெட்டவன் இல்லை அவன். மேலே சொல்கிறதைக் கீழே சொல்கிறவன். "ஸ்டீலோ வெள்ளையோ, எது போட்டாலும் ரேட் ரெண்டு மடங்கு. முப்பதுதான் வரும்" என்றான்.

"முப்பது குடுங்க. ரெண்டு வூட்டுக்கு ஒண்ணு வச்சிக்கறோம்."

"அதுக்குப் புதுசா அப்ரூவல் வாங்கணும். தை மாசம் ஆயிடும். இப்ப கையெழுத்து போட்டா இதை இறக்கலாம். இல்லன்னா இந்த மழைக்கு உங்களுக்கு எதுவும் கிடையாதுக்கா. யோசிச்சுக்கோங்க."

தெரு முணுமுணுத்தது. பவளம்தான் வாய் விட்டாள். "வூடு தேடி வந்தத வேணாங்கறதா? ஆலையில்லாத ஊருக்கு இலுப்பப்பூ சர்க்கர. ஏதோ ஒண்ணு இருக்கட்டுமே, பிரபா."

"இலுப்பப்பூ இனிக்கவாவது இனிக்கும்! இது இன்னா பண்ணும் தெரியுமா?" பிரபா தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "எதுவுமே இல்லன்னா பயந்துக்கினு காய்ச்சிக் குடிப்பீங்க. இது வூட்டுல இருந்தா நம்பிக் குடிப்பீங்க. பளபளன்னு வடியுதேன்னு கொழந்த வாயில ஊத்துவீங்க. நானும் ஊத்துவேன்! வேணாம். எடுத்துக்கினு போகச் சொல்லுங்க."

ரிப்போர்ட்டை வாங்கி, நீலத்துக்கு நேரே இருந்த இடத்தில் பேனா கிழிக்கும்படி அழுத்திக் குறுக்குக்கோடு போட்டாள். நாலு வாரக் கணக்கு செல்லாது என்று எழுதினாள். கறுத்த மூன்று பாட்டிலையும் ஸ்ரீகாந்த் கையில் திணித்தாள்.

"இந்த லாரி வேற ஊருக்குப் போவும், எனுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் இத மொதல்ல காட்டு தம்பி. அங்கியும் புள்ளைங்க கீது." இத்தனை நாள் சார் என்று கூப்பிட்டவள் தம்பி என்றதை அவன் கவனித்தானோ என்னவோ, பாட்டில்களைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனான்.

லாரி திரும்பியதும் தெரு அவள்மேல் பாய்ந்தது. வீட்டு வாசலுக்கு வந்த லட்சுமியை விரட்டியவள் என்றார்கள். புருஷன் கேன் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் தடுத்தாள் என்று ஒருத்தன் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "உனுக்கு இன்னாத்துக்கு மே இந்த பேஜாரு?" என்று தினேஷ்குமாரே கேட்டான். அவனோடும் இரண்டு நாள் பேசவில்லை.

மற்ற மூன்று நீலத்தையும் பறித்துவந்து, நாலையும் தன் வீட்டில் பூட்டிவைத்தாள். தேறிய எட்டு ஃபில்டரையும் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு முறைபோட்டுக் கொடுத்தாள். இளவரசி கண்ணீரோடு கல்யாணப் பெட்டியைப் பிரித்தாள். மிச்சம் அத்தனை பேருக்கும் காய்ச்சிக் குடிப்பது ஒன்றுதான் வழி என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கதவைச் சாத்தினவர்களுக்கு ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, தரைப்பாலம் முங்கியது. கரண்ட் போனது. டெம்போ அக்கரையில் நின்றது. பிரபா முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். காலை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அறுபது வீட்டு அடுப்படியிலும் தலையை நீட்டினாள். "இன்னா, சூடு பண்ணி வச்சிக்கீறியா? தளதளன்னு கொதிச்சுதா? எனுக்கு எதிர்ல கொதிக்க வையி." மூன்றாம் நாள் பாதி வீடுகளில் கேஸ் தீர்ந்தது. ஈர வேலிக்காத்தான் விறகை ஊதி ஊதிப் பெண்களுக்குக் கண் சிவந்தது. தண்ணீர் காய்ச்சவே விறகு போனால் சோறு எதில் பொங்குவது என்று கரித்துக் கொட்டினார்கள். நாசமாப் போறவ வந்துட்டாடி என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பிரபாவும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுப் பானையில் கைவைத்துச் சூடு பார்த்தாள்.

ஆறாம் நாள் பாலம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஒன்று அக்கரையில் தயாராக நின்றது. அதில் ஏற ஆளில்லை.

யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வெயில் வந்ததும் தெருவே துணியும் பாயும் காயப்போட வெளியே வந்தது. பிரபா வருவதைப் பார்த்ததும் கோவிந்தம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"வாடி மகராசி! கேஸு இல்ல, வெறகு இல்ல, வெறகு தீந்துபோயி மாட்டுக் கொட்டா மூங்கிலப் பிச்சி எரிச்சேன். கதவு ஒண்ணுதான் பாக்கி. எல்லாம் உன்னால. நீ நல்லா இருப்பியாடி?"

"உனுக்கு வயித்தால போச்சா?" என்று கேட்டாள் பிரபா.

"இல்ல."

"மோகனாவுக்கு?"

"இல்ல. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணும் இல்ல. திட்டு அத்த, நிறுத்தாத. இவ்ளோ சத்தமா திட்டறதுக்கு ஒடம்புல தெம்பு கீது பாரு, அது போதும் எனுக்கு."

கோவிந்தம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பவளமும் சேர்ந்துகொண்டாள், எதிர்வீட்டிலிருந்து இளவரசியும். பிரபா அன்றைக்குத் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வீட்டு ஏச்சு வரைக்கும் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.